சந்தும் சுவரும்: 1857 தில்லி முற்றுகையும் கணினித் திரையின் அண்மைப் போரும்

அண்மைப் போரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் தொடர் கடலில் பிறந்தது. பகைவர் கப்பலில் ஏறிவிட்டால் மாலுமிகள் பின்வாங்கி நின்று சுடுவதற்காகத் தளத்தின் குறுக்கே பலகைத் தடுப்புகள் அடித்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அத்தொடர் அந்தத் தடுப்புகளையே குறித்தது. கைக்கு எட்டும் தூரத்தில் நிகழும் சண்டை என்னும் பொருள் பிற்பாடு வந்து சேர்ந்தது. சுவர் முந்தியது, சண்டை பிந்தியது. தமிழ் இலக்கண மரபும் இதை அறியும். மதிலை முற்றுதலையும் காத்தலையும் தொல்காப்பியம் உழிஞைக்குள் வைத்துப் பேசியது. புறப்பொருள் வெண்பாமாலை மதில் காத்தலை நொச்சி என்று தனித் திணையாக்கிற்று. திறந்த வெளியில் இரு படைகள் எதிர்நிற்கும் தும்பையிலிருந்து சுவரைச் சுற்றி நிகழும் போர் வேறுபட்டது என்ற தெளிவு இப்பாகுபாட்டில் உண்டு.

இன்று இந்தியாவின் இளைஞர் பெரும்பாலோருக்கு அண்மைப் போர் அறிமுகமாவது கைப்பேசித் திரையிலும் கணினித் திரையிலுந்தான். மூலையில் ஒட்டி நிற்பது, கதவை உடைத்துப் புகுவது, மாடிப்படியில் காலடி ஓசைக்குக் காத்திருப்பது ஆகியவை அவர்களுக்குப் பழகிய செயல்கள். இச்செயல்கள் வெறுங் கற்பனையல்ல. போர் வரலாற்றில் வேர் கொண்டவை. ஆயினும் அவ்வரலாற்றில் எவை திரைக்கு வந்தன, எவை வரவில்லை என்னும் வினாவை அரிதாகவே எழுப்புகிறோம். அதற்குத் தில்லி நகரமே தகுந்த சான்று. 1857 செப்டம்பரில் ஷாஜகானாபாத்தின் சந்துகளில் நடந்த போர், இந்திய நகரமொன்றில் வீடு வீடாக நிகழ்ந்து விரிவாகப் பதிவான அண்மைப் போர்களுள் முதன்மையானது.

1857 மே 10 அன்று மீரட்டில் கிளர்ந்த சிப்பாய்கள் மறுநாள் தில்லியை அடைந்து, முதிய முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாஃபரைத் தலைவராக அறிவித்தனர். ஜூன் 8 அன்று பாத்லி-கி-சராயில் வென்ற கம்பெனிப் படை, நகருக்கு வடமேற்கிலுள்ள ரிட்ஜ் குன்றில் நிலைகொண்டது. நகரின் மதில் ஏறத்தாழ 7 மைல் சுற்றளவும் 24 அடி உயரமும் கொண்டது. முன்னே அகழியும் இருந்தது. மூன்று மாதம் எத்தரப்பும் மறுதரப்பை அசைக்க இயலவில்லை. செப்டம்பர் 4 அன்று பஞ்சாபிலிருந்து முற்றுகைப் பீரங்கிகள் வந்து சேர்ந்தபின் நிலைமை மாறிற்று. சில நாட்களில் மதிலில் உடைப்புகள் விழுந்தன.

செப்டம்பர் 14 காலை, ஐந்து அணிகளாகப் பிரிந்த ஏறத்தாழ 5,000 பேர் தாக்குதலைத் தொடங்கினர். அவர்களில் பெரும்பாலோர் சீக்கியர், பஞ்சாபியர், கூர்க்காக்கள், பட்டாணியர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. இந்நகரப் போரை இரு நாட்டவரின் போராகச் சுருக்க முடியாது. டங்கன் ஹோம், பிலிப் சால்கெல்ட் ஆகிய இளம் பொறியாளர் அதிகாரிகளின் கீழ் இந்தியச் சுரங்கப் படையினர் வெடிமருந்து மூட்டைகளைச் சுமந்து சென்று காஷ்மீரி வாயிலைத் தகர்த்தனர். ஆங்கிலேயரின் வீரக் கதைகளில் மிகுதியும் பேசப்பட்டது இந்நிகழ்ச்சியே. ஆனால் வாயில் விழுந்தபின் நேர்ந்ததே போரியலுக்கு முக்கியமானது.

மதிலைக் கடந்ததும் படை தன் ஒழுங்கை இழந்தது. முதல் அணியை நடத்திய ஜான் நிக்கல்சன், மதிலின் உட்புறத்தை ஒட்டி லாகூர் வாயிலை நோக்கி முன்னேறினார். காபூல் வாயிலைத் தாண்டியபின் வழி சுமார் 200 கஜம் நீளமுள்ள ஒரு சந்தாகக் குறுகியது. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் மொட்டைமாடி வீடுகள், சந்தினுள் பீரங்கிகள், முடிவில் பர்ன் கொத்தளம். மாடிகளிலிருந்தும் சன்னல்களிலிருந்தும் குண்டுகள் பொழிந்தன. முன்னே சென்றவர்கள் வீழ்ந்தனர். பின்னே நின்றவர்கள் நகரவில்லை. வீரர்களைத் தூண்டி முன்னே அடியெடுத்து வைத்த நிக்கல்சன் மீது குண்டு பாய்ந்தது. செப்டம்பர் 23 அன்று அவர் இறந்தபோது வயது 34. மாதக்கணக்கில் முற்றுகையில் நின்ற, அன்று காலைதான் மதில் உடைப்பில் ஏறிய அதே படையினர் அந்தச் சந்தில் தயங்கி நின்றதைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது எளிது. உண்மையில் அது இடத்தின் விளைவு. எண்ணிக்கை, நெடுந்தூரத் துப்பாக்கி, அணிவகுப்பு ஆகிய மூன்றும் அக்குறுகிய வழியில் பயனற்றுப் போயின. நூறு பேர் கொண்ட அணியிலும் ஒரே நேரத்தில் சண்டையிடக்கூடியவர் நான்கைந்து பேர்தாம்.

மூன்றாம் அணி ஜாமா மசூதி வரை சென்றது. அதன் வாயிலைத் தகர்க்க வெடிமருந்து இன்றித் திரும்பியது. மாலையில் கணக்கெடுத்தபோது, மாண்டவரும் காயமுற்றவருமாக அத்தரப்பு அன்று ஒரு நாளில் சுமார் 1,170 பேரை இழந்திருந்தது. தாக்கியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. தளபதி ஆர்ச்டேல் வில்சன் மீண்டும் குன்றுக்கே திரும்பிவிடலாமா என்று எண்ணினார். தலைமைப் பொறியாளர் பெயர்டு ஸ்மித் முதலியோர் அதை மறுத்தனர். அடுத்த நாள் போரே நடைபெறாத அளவுக்கு வீரர் பலர் சூறையாடிய கடைகளின் மதுவில் மூழ்கிக் கிடந்தனர். அகப்பட்ட மது முழுவதையும் அழிக்க வில்சன் ஆணையிட வேண்டியதாயிற்று.

இதன் பிறகே முறை மாறியது. தெருவில் இறங்குவதைத் தவிர்த்து, வீட்டுச் சுவர்களை உடைத்து ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நகரும் வழியைப் பொறியாளர்கள் மேற்கொண்டனர். நிக்கல்சன் வீழ்ந்த வழியின் முடிவிலிருந்த பர்ன் கொத்தளம், செப்டம்பர் 19 அன்று அலெக்சாண்டர் டெய்லர் வழிநடத்திய சிறு குழுவிடம் பின்புறத்திலிருந்து வீழ்ந்தது. இழப்பு மிகக் குறைவு. அக்குழுவில் இருந்த ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ், பின்னாளில் படைத்தலைவராக உயர்ந்து 1897-இல் வெளியிட்ட நினைவு நூலில் இந்நாட்களை விவரித்துள்ளார். செப்டம்பர் 20 அன்று செங்கோட்டையும் வீழ்ந்தது. மறுநாள் ஹுமாயூன் கல்லறையில் மன்னர் சரணடைந்தார்.

சுவரைத் துளைத்துச் செல்லும் இம்முறை போர்க்கலை நோக்கில் திறமையானது. அது யாருடைய சுவர் என்று கேட்டால் மட்டுமே அதன் மறுபக்கம் புலப்படும். அவ்வீடுகள் வெற்றிடங்களல்ல. கம்பெனிப் படை நகருக்குள் புகுந்தபோது அங்கே குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. கூச்சா சேலான் பகுதியில் சரணடைந்தவர்களும் போரில் கலவாதவர்களும் திரளாகக் கொல்லப்பட்டனர். 1,400 பேர் என்னும் எண்ணிக்கை வழங்கி வருகிறது. அவர்களுள் தில்லிக் கல்லூரியின் பாரசீகப் பேராசிரியர் இமாம் பக்ஷ் சஹ்பாயி ஒருவர். சையத் அகமது கான் தில்லியின் கட்டடங்களைப் பற்றி 1847-இல் வெளியிட்ட நூலுக்குத் துணைநின்றவர் அவர். அந்நகரின் சுவர்களையும் கல்வெட்டுகளையும் ஆவணப்படுத்த உதவிய அறிஞர், அந்நகரின் சந்துகளைக் கைப்பற்றிய போரிலேயே தம் புதல்வர்களோடு மாண்டார். எஞ்சிய மக்கள் நகரை விட்டு வெளியேற்றப்பட்டனர். பின்னர்க் கோட்டையைச் சுற்றியிருந்த குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. பீரங்கிகள் தடையின்றிச் சுடுவதற்கு வெட்டவெளி வேண்டும் என்பதே காரணம். மீண்டும் ஒரு சந்துப் போர் நேராதிருக்கச் சந்துகளையே அகற்றினர்.

இனித் திரைக்கு வருவோம். 1993-இல் வெளிவந்த 'டூம்' குறுகிய தாழ்வாரங்களையும் திடீரென்று திறக்கும் கதவுகளையும் அச்சத்தின் கருவிகளாக்கியது. 1998-இல் 'ரெயின்போ சிக்ஸ்', கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்து முன்கூட்டியே திட்டமிட்டுப் புகும் முறையை அறிமுகப்படுத்தியது. 1999-இல் தோன்றிய 'கவுண்ட்டர்-ஸ்ட்ரைக்' மூலைகளையும் பார்வைக் கோடுகளையும் மனப்பாடம் செய்யும் ஒரு தலைமுறையை உருவாக்கிற்று. தில்லியின் இணைய நிலையங்களும் அதற்கு விலக்கல்ல. 2015-இல் வந்த 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' சுவர்களையே உடைக்கத்தக்கவையாக்கியது. ஐவர் ஒரு வீட்டைக் காக்க, ஐவர் சுவரையும் கூரையையும் தகர்த்துப் புகுகின்றனர். பர்ன் கொத்தளத்தை வீழ்த்திய உத்தியின் சாரம் அதில் உண்டு. தெரு மரணப் பொறி, சன்னல் ஆயுதம், கதவு ஏமாற்று, சுவரே வழி என்ற பாடத்தை அவ்விளையாட்டு எந்தப் பாடநூலையும் விடக் கூர்மையாகக் கற்பிக்கிறது. இப்பயனை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் இரண்டு கூறுகள் விடுபடுகின்றன. ஒன்று, பணிய மறுக்கும் உடல். விளையாட்டில் விசையை அழுத்தினால் வீரன் ஓடுவான். சந்தின் நடுவே நின்றுவிடமாட்டான். மறுநாள் குடித்துக் கிடக்கமாட்டான். செப்டம்பர் 14, 15 ஆகிய நாட்களின் போக்கைத் தீர்மானித்தவை இந்தத் தயக்கமும் சோர்வும் கட்டுப்பாட்டுக் குலைவுமே. மற்றொன்று, குடியிருப்பவர். 'சீஜ்' விளையாட்டின் வீடுகளில் கட்டிலும் சமையலறையும் குழந்தையின் அறையுங்கூட இருக்கும். அங்கே வாழ்ந்தவர் இருக்கமாட்டார். மதிலை முற்றியவனுக்கு உழிஞைப் பூவும் காத்தவனுக்கு நொச்சிப் பூவும் சூட்டிய பழைய இலக்கணமும், சுவருக்குப் பின்னே ஒடுங்கியிருந்தவருக்குப் பூ எதையும் ஒதுக்கவில்லை. அவ்வகையில் திரை, தொன்மையான ஒரு மரபையே தொடர்கிறது.

அண்மைக் காலச் சான்று ஒன்று இவ்வாதத்தை வேறொரு கோணத்திலிருந்து உறுதிப்படுத்தும். 2020 ஜூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படையினர் தடிகளும் கற்களும் கொண்டு மோதினர். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே துப்பாக்கியைப் பயன்படுத்துவதில்லை என்ற நெடுநாள் வழக்கத்துக்கு 1996, 2005 ஆண்டுகளின் உடன்பாடுகள் அடிப்படை. கர்னல் சந்தோஷ் பாபு உட்பட 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். தன் தரப்பில் நால்வர் இறந்ததாகச் சீனா 2021 பிப்ரவரியில் அறிவித்தது. இராணுவம் வெளியிட்ட அறிக்கை, படுகாயமுற்ற 17 பேர் உறைநிலைக்குக் கீழான குளிருக்கு ஆட்பட்டு மடிந்ததாகக் குறிப்பிட்டது. மாண்டவர்களுள் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். அவர் பணியாற்றியது பீரங்கிப் படைப்பிரிவில். மைல்கணக்கான தொலைவை இலக்காகக் கொண்ட ஆயுதத்தில் பயிற்சி பெற்றவர், கைக்கு எட்டும் தூரத்தில் நிகழ்ந்த மோதலில் வீழ்ந்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று நடுவண் அரசு 'பப்ஜி மொபைல்' உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. ஓரிரு நாட்களில் 'ஃபௌ-ஜி' என்ற இந்திய விளையாட்டு அறிவிக்கப்பட்டு, 2021 குடியரசு நாளன்று வெளியாயிற்று. அதன் முதற்கதை கல்வான். கையாலும் தடியாலும் எதிரிகளை ஒவ்வொருவராக வீழ்த்துவதே ஆட்டம். அதற்கு முந்தைய நாள்தான் தில்லியில் சந்தோஷ் பாபுவுக்கு மகாவீர் சக்கரமும் பழனி முதலியோருக்கு வீர சக்கரமும் அறிவிக்கப்பட்டிருந்தன. எட்டு மாதங்களுக்குள் ஒரு மரணம் விருதாகவும் விளையாட்டாகவும் உருமாறியது. இராணுவ அறிக்கை கூறிய குளிர், காயத்தோடு கிடந்த நேரம் ஆகியவை தடியடியின் வேகத்தில் இடம்பெறுதல் அரிது.

இதனால் விளையாட்டு என்ற வடிவமே உண்மையைத் தாங்க இயலாதது என்று முடிவு கட்டுவது பிழை. போலந்து நாட்டு 11 பிட் ஸ்டூடியோஸ் 2014-இல் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்', சரயேவோ முற்றுகையின் நினைவிலிருந்து உருவானது. அதில் ஆடுபவர் வீரரல்லர். முற்றுகைக்குள் அகப்பட்ட ஒரு வீட்டின் குடிகள். உணவும் மருந்தும் விறகுமே அங்கே போர். 2020-இல் போலந்து அரசு அதனை மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. சுவரின் மறுபக்கத்திலிருந்தும் ஆட்டத்தை அமைக்க முடியும் என்பதற்கு இது போதிய சான்று.

தில்லியைப் பொறுத்தவரை அந்த மறுபக்கத்துக்கான மூலங்கள் கைவசம் உள்ளன. முற்றுகைக்காலத் தில்லியின் உருது, பாரசீக ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் புதுதில்லியின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றுள் பலவற்றை மஹ்மூத் ஃபாரூக்கி மொழிபெயர்த்து 2010-இல் நூலாக்கினார். வண்டி, கட்டில், மாவு, கூலி, சிப்பாய்களின் அத்துமீறல் என அன்றாடக் குறைகளைக் கோத்வாலிடமும் மன்னரிடமும் முறையிட்ட சாதாரண மனிதர்களின் மனுக்கள் அவை. 1857-ஐப் படிக்கும் மாணவர், நிக்கல்சன் விழுந்த சந்தின் வரைபடத்தோடு அந்த மனுக்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். சந்தை ஒட்டி நின்ற வீடுகளில் யார் இருந்தார்கள் என்ற கேள்விக்கு விடை தேடத் தொடங்கும் இடம் அதுவே.