மாறாத மாறி

இயற்கணிதத்தில் ‘மாறி’ என்னும் சொல்லை நீங்கள் நாள்தோறும் வழங்குகிறீர்கள். பெயரைக் கேட்ட அளவில், ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் ஒன்று எனத் தோன்றும். ஆயினும், ஒரு கணக்கினுள் எக்ஸ் என்பது ஐந்து என்று கொண்டுவிட்டால், அக்கணக்கு முடியும்வரை அது ஐந்தே ஆகும். மற்றொரு கணக்கில் அது ஏழாகலாம், நடுவழியில் மாறுவதில்லை. 1637-இல் டெக்கார்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் வடிவகணித நூலில் எக்ஸ், ஒய், இசட் என்னும் எழுத்துகளை அறியாக் கணியங்களுக்குப் பெயராக்கிய காலத்திலும் இதுவே நெறி.

கணிப்பொறி தோன்றிய பின்னர் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் வந்து சேர்ந்தது. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் மாறி என்பது நினைவகத்தில் உள்ள ஒரு பெட்டி. முதலில் அதில் ஐந்தை வைக்கலாம். அடுத்த கணம் அதை அகற்றி ஆறை வைக்கலாம். ஆதலால் ‘எக்ஸ் = எக்ஸ் + 1’ என்று எழுதுவது அங்கே முறையானதே. கணக்கில் அது நடவாத செயல் அன்றோ? பல்லாண்டு கணக்கு கற்பித்தவன் என்ற முறையில், இவ்வரியைக் கண்ட மாணவர் சமன்பாட்டின் பொருளையே ஐயுறத் தொடங்குவதைப் பார்த்து நான் கவலையுற்றதுண்டு. எனவே, பழைய கணித நெறியை விடாது போற்றிய ஒரு கணிப்பொறி மொழியின் வரலாற்றை உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

ஆவணத்தின் ஒவ்வொரு பகுதிக்கும், அது இன்னது எனப் பெயரிட்டு அடையாளம் செய்யும் முயற்சி 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப் முதலிய மூவரால் தொடங்கப்பெற்றது. அது வளர்ந்து 1986-இல் எஸ்.ஜி.எம்.எல். என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. அதனை எளிமையாக்கி 1998 பிப்ரவரி 10 அன்று வெளியிடப்பட்டதே எக்ஸ்.எம்.எல். ஒரு கடைப் பட்டியலை இம்முறையில் எழுதினால், இது பொருளின் பெயர், இது விலை, இது எண்ணிக்கை என ஒவ்வொன்றும் தன் பெயரைத் தானே கூறி நிற்கும்.

இத்தகைய ஆவணத்தை மற்றொரு வடிவுக்கு மாற்றித் தருவதற்கென்று ஒரு மொழி தேவைப்பட்டது. 1999 நவம்பர் 16 அன்று எக்ஸ்.எஸ்.எல்.டி. என்னும் அம்மொழியின் முதற்பதிப்பு ஜேம்ஸ் கிளார்க் என்பாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. அதற்கு முன்னோடி 1996-இல் தரமாக்கப்பட்ட டி.எஸ்.எஸ்.எஸ்.எல். அதுவோ, 1975-இல் பிறந்த ஸ்கீம் மொழியிலிருந்து, மாறியின் மதிப்பை இடையில் மாற்றும் கட்டளைகளை நீக்கி அமைத்துக்கொள்ளப்பட்டது. அம்மரபு எக்ஸ்.எஸ்.எல்.டி.க்கும் வந்தது. மதிப்பை ஒருமுறை ஏற்ற மாறி, தன் எல்லைக்குள் அதனை மாற்றிக்கொள்வதில்லை. எந்த மதிப்பும் இடையில் மாறாது என்றால், ஆவணத்தின் எப்பகுதியை முதலிற் செய்தாலும் விடை ஒன்றே. வேலையை எவ்வரிசையிலும் செய்து முடிக்கும் உரிமை பொறிக்குக் கிடைக்கிறது.

இனித் தரவு மாதிரி என்பது யாது எனக் காண்போம். இம்மொழி ஆவணத்தை எழுத்துகளின் வரிசையாகப் பார்ப்பதில்லை. கிளைவிட்ட மரமாகப் பார்க்கிறது. மரத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு கணு. எது கணு, எவ்வகை மதிப்புகள் உண்டு, அவற்றை எவ்வாறு சேர்க்கலாம் என்று வகுக்கும் சட்டமே தரவு மாதிரி. ஆகவே, ஒரு மாறி எதனைத் தாங்கலாம் என்பதை முடிவு செய்வதும் அதுவே.

முதற்பதிப்பின் மாதிரி வறியது. அதில் எண், எழுத்துக் கோவை, மெய்–பொய், கணுக்களின் கணம் என நான்கு வகையே இருந்தன. நீங்கள் படித்த கணத்தைப் போன்றே, அதில் வரிசையும் இல்லை. ஒன்று இருமுறை வருதலும் இல்லை. கணுக்களுக்குக் கணம் உண்டு. எண்களுக்குக் கணம் கிடையாது. இவற்றோடு ‘விளைவு மரத் துண்டு’ என ஐந்தாவதாக ஒன்றும் சேர்க்கப்பட்டது. மாறியினுள் புதிதாக ஒரு மரத்தைக் கட்டினால் கிடைப்பது அது. அதனை அப்படியே படியெடுக்கலாம். எழுத்துக் கோவையாகக் கருதலாம். அதன் கிளைகளுக்குள் புகுந்து தேட மட்டும் இடமில்லை.

இதனால் விளைந்த இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். நாற்பது ரூபாய்க் குறிப்பேடு மூன்று, பதினைந்து ரூபாய்ப் பேனா இரண்டு. பெருக்கினால் 120, 30, மொத்தம் 150. சிறுவனும் சொல்லுவான். ஆனால் அம்மொழியின் கூட்டற் சார்பு கணுக்களை மட்டுமே கூட்டும். 120-உம் 30-உம் எண்கள்; ஆவணத்தில் உள்ள கணுக்கள் அல்ல. அவற்றை மாறியில் ஒரு மரமாகக் கட்டி வைத்தாலோ, அம்மரத்துள் நுழைய வழியில்லை. ஆதலின், தன்னைத் தானே அழைக்கும் நீண்ட விதியொன்றை எழுதி, பொருள் பொருளாகக் கூட்டிச் செல்ல வேண்டியிருந்தது. சில மென்பொருள்கள் துண்டைக் கணுக்கணமாக்கும் தனிச் சார்பு ஒன்றை மொழிக்குப் புறம்பாகச் சேர்த்துத் தந்தன. இந்த வேறுபாட்டை ஒழிக்க 2000-இல் 1.1 என்னும் வரைவு தோன்றிற்று. 2001-இல் அது நிறுத்தப்பட்டு, முயற்சி யாவும் இரண்டாம் பதிப்பின்மேல் திரும்பிற்று.

மைக்கேல் கே என்பாரைப் பதிப்பாசிரியராகக் கொண்ட அவ்விரண்டாம் பதிப்பு 2007 ஜனவரி 23 அன்று வெளிவந்தது. தரவு மாதிரியும் அன்றே தனி ஆவணமாக வெளியிடப்பட்டது. கணம் இருந்த இடத்தில் தொடர்வரிசை அமர்ந்தது. எந்த மதிப்பும் ஒரு தொடர்வரிசையே. தனி எண் ஒன்று, ஓர் உறுப்புடைய தொடர்வரிசை. எண்களும் கணுக்களும் அதில் கலந்து நிற்கலாம். ஒன்றே பலமுறை வரலாம். இரு பூமாலைகளைச் சேர்த்துக் கட்டினால் நீண்ட ஒரு மாலையே கிடைப்பதுபோல, தொடர்வரிசைகள் இணைந்தால் ஒரே தொடர்வரிசை. விளைவு மரத் துண்டு என்னும் தாழ்ந்த சாதி அகன்றது. மாறியில் கட்டிய மரமும் ஏனைய மரங்களைப் போல் முழு உரிமை பெற்றது. நம் கடைக் கணக்கு ஒற்றை வரியில் முடிந்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். இரண்டாம் பதிப்பிலும் மாறியின் மதிப்பு இடையில் மாறுவதில்லை. 2017 ஜூன் 8 அன்று வந்த மூன்றாம் பதிப்பிலும் அவ்வாறே. சுற்றிச் சுற்றிச் செய்யும் வேலைக்கு அப்பதிப்பு புதிய கட்டளையொன்றைத் தந்தது. அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் புதிய மதிப்பைப் பெறுகிறதேயன்றி, பழையதை அழித்தெழுதுவதில்லை. புதிதாகப் பயில்வோர் இடர்ப்பட்டபோது, மாறாத மாறியின்மேல் பழி சுமத்துதல் எளிது. வரலாறோ வேறு கூறுகிறது. குறை மாறியில் இல்லை. மாறி தாங்கக்கூடியது இன்னது என வகுத்த மாதிரியில் இருந்தது. மாதிரியை விரித்தவுடன் மாறியைத் தொடாமலேயே தொல்லை தீர்ந்தது.

ஆகவே, மாணவர்களே, கணிப்பொறி பயிலும்போது ‘மாறி’ என்ற சொல்லைக் கண்டால், அது பெட்டியா, பெயரா என்று முதலிற் கேளுங்கள். அடுத்து, அது எவற்றைத் தாங்க வல்லது என்று கேளுங்கள். இவ்விரு வினாக்களுக்கும் விடை தெரிந்தவனுக்கு ‘எக்ஸ் = எக்ஸ் + 1’ என்பது குழப்பம் தராது. கரும்பலகையில் ஆசிரியர் எழுதும் எக்ஸும் தன் பொருளை இழக்காது.