காரா, பேருந்தா: வரலாறு சொல்லும் பதில்

"சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிட்டால் இந்த இழிவெல்லாம் தீர்ந்துவிடும்." நம் படிப்பு வட்டங்களில் இளம் தோழர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பக்கத்து இருக்கைக்காரர் "எந்த ஊர், எந்தத் தெரு" என்று துருவித் துருவிக் கேட்பதைச் சகித்தவர்களுக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான். ஆனால் காரா, பேருந்தா என்று வரலாற்றிடம் கேட்டால் பதில் அவ்வளவு எளிதாக இல்லை.

1901ஆம் ஆண்டு. கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைக் காண, அண்ணன் முதலான பிள்ளைகளோடு மசூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறார் சிறுவன் அம்பேத்கர். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் மாட்டு வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருவர் சம்மதித்தார். இரட்டைக் கூலி தர வேண்டும், பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், தான் கூடவே நடந்து வருவேன் என்பது பேச்சு. மாட்டுக் கயிறு பிள்ளைகள் கைக்கு வந்தது, தீண்டாமை போகவில்லை. வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல், கையில் சோறு இருந்தும் பட்டினியோடு படுத்தார்கள். வண்டியை நாமே ஓட்டினாலும் சாலை ஊருடையதாகவே இருந்தது.

பேருந்து வந்த பிறகும் இதே கதைதான். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் தனியார் பேருந்துகள் ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்தன. ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவர் தன் சொந்த வண்டியில் நம்மை ஏற்றாவிட்டால் கேட்பாரில்லை. பேருந்து அப்படியல்ல. அது அரசு தரும் உரிமத்தில் ஓடுவது. அதனால் உரிமை கேட்டுப் போராட அங்கே இடம் இருக்கிறது.

இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர்கள் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள். அங்கே பேருந்தின் முன்வரிசைகள் வெள்ளையருக்கு. முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏறும்படி கறுப்பினத்தவரை ஓட்டுநர்கள் விரட்டினார்கள். 1955 டிசம்பர் 1 அன்று இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். டிசம்பர் 5இல் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது.

கார் வைத்திருந்தவர்கள் "நமக்கென்ன" என்று தம் வழியே போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. சுமார் 300 வண்டிகள் பொதுவில் வந்தன. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களை முறை வைத்து ஏற்றி இறக்கின. இடம் கிடைக்காதவர்கள் மைல் கணக்கில் நடந்தார்கள். காரில் போனவர்களையும் ஆதிக்கம் விடவில்லை. வண்டிகளின் காப்பீடு ரத்து செய்யப்பட்டது. மணிக்கு 25 மைல் எல்லையில் 30 மைல் வேகத்தில் ஓட்டினார் என்று மார்ட்டின் லூதர் கிங்கைக் காவல்துறை கைது செய்தது. 381 நாள் கழித்து, நீதிமன்றத் தீர்ப்போடு, 1956 டிசம்பர் 21 அன்று அவர்கள் பேருந்தில் ஏறி விரும்பிய இருக்கையில் அமர்ந்தார்கள். பேருந்தை மீட்கத்தான் காரை ஓட்டினார்கள்.

நம் ஊருக்கு வருவோம். 1997இல் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. தென்மாவட்டங்களில் சாதி இந்துக்கள் கொதித்தெழுந்தார்கள், வன்முறை வெடித்தது. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்கிவிட்டது. நம்மில் ஒருவரின் பெயரைத் தாங்கிய பேருந்தைக்கூடப் பொறுக்க முடியாத சமூகம், நம் வீட்டு வாசலில் நிற்கும் புது பைக்கை மட்டும் பொறுத்துக்கொள்ளுமா? அதைப் பல சேரிகள் எரிந்த வண்டிகளைப் பார்த்தே அறிந்திருக்கின்றன.

ஆகவே வண்டி வாங்குங்கள் தோழர்களே, அது நம் உழைப்பின் மதிப்பு. ஆனால் வண்டி ஒரு குடும்பத்தைத்தான் சுமக்கும். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவும் கல்லூரிக்குப் போகும் தங்கையும் பேருந்துக்குத்தான் காத்து நிற்கிறார்கள். உங்கள் ஊரில் பேருந்து எங்கே நிற்கிறது? ஊர் முனையிலா, சேரி வாசலிலா? அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் நாம் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி அதுதான்.