293-ஆம் சோதனையும் 16 கோடி ஊசியும்

சென்ற சந்திப்பில் சாப்பாட்டுப் பந்தியில் என் வகுப்புத் தோழன் ஒருவன், "ஏம்ப்பா, நீ விலங்கியல் படிச்சவன்தானே? பேப்பர்ல போட்டானே 16 கோடி ரூபாய் ஊசின்னு, அதை என்ன தங்கத்துலயா பண்றாங்க?" என்று கேட்டான். பாயசம் வந்துவிட்டதால் தப்பித்தேன். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் அந்தக் கடனை அடைத்துவிடலாம் என்று தோன்றியது.

தசை செயலிழக்கும் குழந்தைக்கு, பழுதான மரபணுவுக்குப் பதிலாக நல்ல மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மருந்து அது. சுமக்கும் வண்டி ஒரு வைரஸ். குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கோடி கோடிக்கு மேல் வைரஸ் துகள்கள் வேண்டும். சிக்கலே இங்கேதான்.

இந்த ஏ.ஏ.வி. வைரஸை 1965-ல் அமெரிக்காவில் கண்டபோது, அது அடினோ வைரஸ் மாதிரிக்குள் ஒண்டிக் குடித்தனம் நடத்திய ஒரு கலப்படம், அவ்வளவுதான். தானாகப் பெருகத் தெரியாது. அடினோ வைரஸ் துணைக்கு வேண்டும்.

1973-ல் ஹாலந்தின் லைடன் நகரில் ஃபிராங்க் கிரகாம், மனிதக் கருவின் சிறுநீரக செல்களுக்குள் அடினோ வைரஸ் டி.என்.ஏ. துண்டுகளைக் கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்த்து ஏற்றிப் பார்த்தார். சோதனைகளுக்கு வரிசையாக எண் போடுவது அவர் வழக்கம். 293-ஆவது பலித்தது. அந்த செல்லின் பெயரே 293 ஆகிவிட்டது. ரெக்கார்டு நோட்டில் நம்பர் போடச் சொன்னால் முகம் சுளிக்கும் தம்பி தங்கையர் கவனிக்க!

ஆனாலும் ஏ.ஏ.வி. தயாரிக்க உயிருள்ள அடினோ வைரஸைச் சேர்த்தே ஆகணும். கடைசியில் சூடாக்கி அதைக் கொல்லணும், பிரிக்கணும். ஒரு காலத்தில் ஏ.ஏ.வி. கலப்படம், இப்போது அடினோ வைரஸ் கலப்படம்! 1998-ல் சியாவ், லி, சாமுல்ஸ்கி மூவரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அடினோ வைரஸில் தேவையான சில மரபணுக்களை மட்டும் ஒரு பிளாஸ்மிடில் வைத்தார்கள். மீதி 293 செல்லுக்குள்ளேயே இருந்தது. மூன்று பிளாஸ்மிட் ஏற்றினால் போதும், முழு அடினோ வைரஸ் தேவையில்லை.

அதிலும் தொல்லை உண்டு. டி.என்.ஏ. நிறைய வேண்டும், அதற்கே தனிச் செலவு. மரபணு ஏறாத காலிக் கூடுகளும் ஏராளம். அவற்றைப் பிரிப்பது பெரிய பாடு.

2002-ல் உரபே, டிங், கோட்டின் என்பவர்கள் பூச்சி செல்லுக்கே போனார்கள். எந்தப் பூச்சி தெரியுமா? 2018-ல் நம்ம பக்கத்து மக்காச்சோளத்தை மொட்டையடித்ததே, அதே படைப்புழு! அதன் சூலக செல்கள் திரவத்தில் மிதந்தபடியே வளரும். பெரிய தொட்டியிலும் வளர்க்கலாம். 2012-ல் ஐரோப்பா அனுமதித்த கிளைபெரா இப்படித்தான் தயாரானது. விலை சுமார் பத்து லட்சம் யூரோ. வாங்க ஆளில்லாமல் 2017-ல் விலகியது. 2022-ல் ஹீமோஃபிலியா பி நோய்க்கு வந்த ஹெம்ஜெனிக்ஸும் பூச்சி செல் தயாரிப்புதான். அறிவித்த விலை 35 லட்சம் டாலர்.

ஆக, தோழா, தயாரிப்பு எளிதானால் விலை தானே இறங்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். விலை வைப்பது ஆய்வுக்கூடம் அல்லவே. ஆனால் தயாரிப்பு எளிதாகாமல், விலை குறைக்க மனசு உள்ளவனாலும் முடியாது.

வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்குச் செய்த சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. அது லென்டிவைரஸ், வேறு வகை. ரத்த ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, அதில் மரபணுவை ஏற்றித் திருப்பிச் செலுத்தினார்கள். உடம்பு முழுக்கச் செலுத்தும் அளவுக்கு வைரஸ் இதற்கு வேண்டியதில்லை.