குறட்டையும் கீழ்த்தாடையும்

குறட்டை விடுபவரைக் 'கும்பகர்ணன்' எனக் கேலி செய்வது எம்மவர் வழக்கம். ஆனால், உரத்துக் குறட்டை விடும் பலருக்கு ஆழ்ந்த உறக்கமே வாய்ப்பதில்லை என்பது மருத்துவ உலகம் மிகத் தாமதமாக அறிந்துகொண்ட உண்மையாகும். அந்தத் தாமதத்தின் வரலாற்றில் பல் வைத்தியர்களுக்கும் ஓர் இடமுண்டு. அதனையே இங்கு எழுத விரும்புகிறேன்.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னே சரிந்து மூச்சுப் பாதையைக் குறுக்குகிறது. குறுகிய வழியாகக் காற்றுச் செல்லும்போது எழும் அதிர்வே குறட்டை. பாதை முற்றாக அடைபட்டுப் பத்து விநாடிகளோ அதற்கு மேலோ மூச்சு நின்றால், அது உறக்க மூச்சுத்தடை. மூளை திடுக்கிட்டு விழித்ததும் மூச்சு மீள்கிறது. கடுமையான நோயாளருக்கு ஓரிரவில் இது நூற்றுக்கணக்கான தடவைகள் நிகழலாம். காலையில் அவருக்கு எதுவும் நினைவிராது.

நாக்கு கீழ்த்தாடையுடன் பிணைந்தது. தாடை முன்னே வந்தால் நாக்கும் முன்னே வரும். 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரோபோமை மயக்க மருந்தாக அறிமுகப்படுத்தினார். மயங்கிக் கிடந்த நோயாளர்களின் நாக்குச் சரிந்து மூச்சடைப்பது பின்னர் பெரும் அபாயமாயிற்று. கீழ்த்தாடையைக் கையால் முன்னே தூக்கி மூச்சைத் திறக்கும் முறையை 1870களில் நோர்வேயைச் சேர்ந்த ஹைபேர்க்கும், ஜேர்மனியின் போர்க்களச் சத்திரசிகிச்சை நிபுணர் எஸ்மார்க்கும் எழுதிப் பரப்பினர்.

அதே உண்மையைப் பல் வைத்தியத்தின் பக்கமிருந்து அணுகியவர் பரிஸ் நகரின் பியர் ரொபின். கீழ்த்தாடையை முன்னகர்த்தும் வாய்க்கருவி ஒன்றை அவர் 1902இல் விபரித்தார். சிறுத்த தாடையுடன் பிறக்கும் குழந்தைகளின் நாக்கு பின்சரிந்து மூச்சை அடைப்பதை 1923இல் எழுதினார். அந்நிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

காரணமும் தெரிந்திருந்தது, வழியும் தெரிந்திருந்தது. ஆயினும், குறட்டை விடும் வளர்ந்தவர்களை எவரும் நோயாளராகக் கருதவில்லை. இருந்த இடத்திலேயே உறங்கிவிடும் பருத்த சிறுவன் ஜோவை சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836இல் தொடராக வெளிவரத் தொடங்கிய நாவலில் படைத்தார். அவன் வாசகர்களுக்கு நகைச்சுவைப் பாத்திரமாகவே இருந்தான். நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகம் ஒன்றிலும் அச்சுப்படி திருத்தும்போதே கண்ணயர்ந்துவிடும் ஒருவர் இருந்தார். ஓய்வு பெறும்வரை 'சோம்பேறி' என்ற பெயர் அவரை விட்டு நீங்கவில்லை.

1956இல் அமெரிக்க மருத்துவர்கள் அந்த நாவலின் பெயரால் இந்நோய்க்குப் 'பிக்விக்' எனப் பெயரிட்டனர். எனினும் பகலுறக்கத்தின் காரணம் இரவில் இருந்தது. 1965இல் பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் இரு குழுவினர் உறங்குவோரின் மூச்சைக் கருவிகளால் பதிவு செய்தபோதே அது திரும்பத் திரும்ப நிற்பது வெளிப்பட்டது. அக்காலத்தில் கடுமையான நோயாளருக்கிருந்த வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறப்பதே. 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் முகமூடி வழியே காற்றழுத்தம் செலுத்தும் முறையை வெளியிட்ட பின்னரே நிலைமை மாறியது.

அடுத்துப் பல் வைத்தியத்தின் காலம் வந்தது. 1982இல் சிக்காகோவில் காட்ரைட், சமெல்சன் ஆகியோர் நாக்கை முன்னே பிடித்துவைக்கும் கருவியின் பலனை வெளியிட்டனர். 1984இல் ஜேர்மனியின் மையர்-ஏவெர்ட் குழுவினர் கீழ்த்தாடையை முன்னிழுக்கும் கருவியைப் பற்றி எழுதினர். அந்நாட்டில் அது எஸ்மார்க்கின் பெயரையே பெற்றது. போர்க்களத்தில் கை செய்த வேலையை இரவு முழுவதும் செய்யும் கருவியல்லவா!

ஆயினும் தாடை மூட்டு ஓர் எல்லையை விதிக்கிறது. காது மடலுக்கு முன்னேயுள்ள அம்மூட்டின் கோளாறுகளை 1934இல் அமெரிக்கரான கொஸ்டன் எழுதியதன் பின்னரே மருத்துவ உலகு பரவலாகக் கவனித்தது. இரவெல்லாம் முன்னிழுக்கப்படும் தாடையில் காலையில் நோவு தோன்றலாம். நாளடைவில் பற்களின் கடிநிலையும் மாறலாம். எனவே மூட்டைப் பரிசோதித்து, சிறிது சிறிதாக முன்னகர்த்தக்கூடிய கருவியை அளவெடுத்துச் செய்வதே முறையாகும். காற்றழுத்தக் கருவியைத் தாங்க இயலாதோருக்கு இதனைப் பரிந்துரைக்கலாம் என 2015இல் அமெரிக்க உறக்க மருத்துவ வழிகாட்டி கூறியது.

கவனியாது விட்டால் இம்மூச்சுத்தடை உயர் இரத்த அழுத்தத்துடனும் இதயநோயுடனும் தொடர்புறுகிறது. வாகனம் ஓட்டுபவரின் பகலுறக்கம் பிறர் உயிரையும் பறிக்கும். ஆகவே, வீட்டில் ஒருவரது குறட்டைக்கு நடுவே திடீர் மௌனமும் பின்னர் திணறலும் கேட்டால் அதனை அவரிடம் சொல்லுங்கள். உறங்குபவர் தாமாக அறிய முடியாத நோய் இது. அருகில் விழித்திருப்பவரே முதற் சாட்சி.