வீதியைக் கீறியது யார்?

1984ஆம் ஆண்டு ஜிரோ டி இத்தாலியாவின் கடைசி நாள். மூன்று கிழமையாக சைக்கிள் மிதித்து வந்த பிறகு, பிரெஞ்சு வீரர் லொரான் ஃபின்யோன் இத்தாலிய வீரர் ஃபிரான்செஸ்கோ மோசரை விட 1 நிமிடம் 21 செக்கன் முன்னுக்கு நின்றார். மிச்சம் இருந்தது சோவேயில் இருந்து வெரோனா வரை 42 கிலோமீற்றர் மட்டும்தான். அதுவும் சமதரை. அன்றைக்கு மோசர் ஃபின்யோனை விட 2 நிமிடம் 24 செக்கன் வேகமாக ஓடி முடித்தார். ஜிரோ அவருக்குப் போனது. கடைசி வித்தியாசம் 1 நிமிடம் 3 செக்கன்.

இதை மட்டும் வாசித்தால், கெட்டிக்காரன் வென்றான் எண்டு கதையை முடித்துவிடலாம். ஆனால் அந்த ஜிரோவில் ஓடப்படாமலே போன ஒரு வீதி இருக்கிறது. 2,758 மீற்றர் உயரமுள்ள ஸ்டெல்வியோ கணவாய். மலையேற்றத்தில் மோசரை விட்டுப் போகக்கூடிய ஃபின்யோனுக்கு அது பெரிய வாய்ப்பு. பனி எண்டு காரணம் சொல்லி, பந்தய இயக்குநர் வின்சென்சோ டொரியானி அந்த ஏற்றத்தைப் பாதையில் இருந்து எடுத்துவிட்டார். கணவாய் திறந்துதான் இருந்தது எண்டு பிரெஞ்சுக்காரர் அப்பவே சண்டை பிடித்தார்கள். கடைசி நாளில் தொலைக்காட்சி ஹெலிகொப்டர் தாழப் பறந்து தனக்கு எதிர்க்காற்று அடித்தது எண்டும் ஃபின்யோன் குற்றம் சாட்டினார். அது எந்தளவு உண்மை எண்டது இன்றைக்கும் வாக்குவாதம்தான். ஸ்டெல்வியோ ஓடப்படவில்லை எண்டது மட்டும் வாக்குவாதம் இல்லை.

சைக்கிள் பந்தயத்தைப் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் வழமையாக வீரர்களைப் பற்றித்தான் கதைக்கிறோம். யார் பெரியவர், யார் யாரை வென்றார் எண்டு. இரண்டு பேருக்கு நடுவில் எப்பவும் நிற்கிற வீதியை மறந்துவிடுகிறோம். அந்த வீதியை ஒருவர் மேசையில் இருந்து கீறியிருக்கிறார். ஏன் அப்படிக் கீறினார் எண்டு கேட்டால், நூறு வருஷத்துப் போட்டிகள் வேறு மாதிரித் தெரியத் தொடங்கும்.

உடம்பும் வீதியும்

முதலில் ஒரு சின்ன விளக்கம். சமதரையில் வேகமாக ஓடுகிற ஒருவரின் பலத்தில் பெரும் பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. அதனால்தான் எல்லாரும் கூட்டமாக, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து ஓடுகிறார்கள். மலையேற்றத்தில் வேகம் குறையும், காற்றின் எதிர்ப்பும் குறையும். அங்கே தன் உடம்பை மேலே தூக்குவதுதான் வேலை. எனவே ஒரு கிலோ நிறைக்கு எவ்வளவு பலம் எண்டதுதான் கணக்கு. மெலிந்த, சின்ன உடம்புக்காரர் அங்கே ராஜா.

டைம் ட்ரயல் எனப்படும் தனிநேர ஓட்டத்தில் ஒவ்வொருவரும் தனியாகப் புறப்பட வேண்டும். ஒளிய முதுகு இல்லை. வீதி சமதரையாக இருந்தால், பெரிய உடம்பும் பெரிய பலமும் உள்ளவர் அங்கே வெல்வார். ஆக, ஒரு பந்தயத்தில் எத்தனை மலை, எத்தனை கிலோமீற்றர் தனிநேர ஓட்டம் எண்டு எழுதும்போதே, யாருடைய உடம்புக்கு அந்தப் பந்தயம் எண்டதிலும் பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

பேப்பர் விற்கப் பிறந்த மலை

ரூர் டி பிரான்ஸை 1903இல் தொடங்கியது ஒரு பத்திரிகை. பெயர் 'லோட்டோ'. ஆசிரியர் ஹென்றி டெக்ரான்ஜ். நோக்கம் பேப்பர் விற்பது. அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. இத்தாலியில் 1909இல் ஜிரோவைத் தொடங்கியதும் 'லா கசெற்றா டெல்லோ ஸ்போர்ட்' எண்ட பத்திரிகைதான். பேப்பர் விற்க வேண்டும் எண்டால் கதை வேண்டும். கதைக்குக் கஷ்டம் வேண்டும். முதல் ரூரில் 6 கட்டங்கள், 2,428 கிலோமீற்றர். புறப்பட்ட 60 பேரில் முடித்தது 21 பேர்.

பிறகு தூரம் மட்டும் போதாமல் போனது. 1910இல் டெக்ரான்ஜின் உதவியாளர் அல்போன்ஸ் ஸ்டைனெஸ், பிரனே மலைகளைப் பாதையில் சேர்க்கச் சொன்னார். வீதி பார்க்கப் போன அவர் துர்மலே கணவாயில் பனிக்குள் மாட்டுப்பட்டு, நடந்துதான் தப்பி வந்தார். ஆனாலும் வீதி நல்லம், போகலாம் எண்டு தந்தி அடித்தாராம். அந்தத் தந்தி இந்த விளையாட்டின் போக்கையே மாற்றியது.

அந்த வருஷம் போட்டி இருந்தது ஒரே அணியைச் சேர்ந்த இருவருக்கு இடையில். முதல் வருஷம் வென்ற ஃபிரான்சுவா ஃபாபேர் நல்ல உயரமும் பாரமுமான மனிதர். ஒக்தாவ் லாப்பிஸ் மலைக்கு ஏற்ற உடம்புக்காரர். லுஷோனில் இருந்து பயோன் வரை 326 கிலோமீற்றர் கட்டத்தில் பெய்ரசூர்ட், அஸ்பன், துர்மலே, ஓபிஸ்க் எண்டு நாலு பெரிய ஏற்றங்கள். லாப்பிஸ் இடையிடையே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தும் அந்தக் கட்டத்தை வென்றார். வழியில் நின்ற பந்தய அதிகாரிகளைப் பார்த்துக் கொலைகாரர் எண்டு கத்தியதும் அவர்தான். அப்போது வெற்றி புள்ளிக் கணக்கில். லாப்பிஸ் 63, ஃபாபேர் 67. குறைந்த புள்ளி எடுத்தவர் வென்றவர். மலை மட்டும்தான் காரணம் எண்டு சொல்ல மாட்டோம், ஃபாபேர் வழியில் நாயொன்றுடன் மோதிக் காயப்பட்டும் இருந்தார். ஆனால் மலை இல்லாத பழைய பாதையாக இருந்திருந்தால் அந்த 4 புள்ளி எங்கே போயிருக்கும்? இருவருமே முதலாம் உலகப் போரில் செத்துப் போனார்கள். திரும்ப ஒருக்கால் ஓடிப் பார்க்க வழி இல்லை.

பதினாலு செக்கன்

1934இல் ரூருக்குள் தனிநேர ஓட்டமும் வந்தது. அதற்குப் பிறகு பாதை கீறுகிறவர் கையில் இரண்டு ஆயுதம்: மலை ஒன்று, கடிகாரம் ஒன்று. பெரிய பகைகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிறந்தன.

பிரான்சில் ஜாக் ஆங்கெத்தீலும் ரேமோன் புலிடோரும். ஆங்கெத்தீல் கடிகாரத்தின் ஆள். ஐந்து முறை ரூர் வென்றவர். புலிடோர் சனங்களின் செல்லப்பிள்ளை. மூன்று முறை இரண்டாமிடம், ஐந்து முறை மூன்றாமிடம், ஒரு நாள் கூட மஞ்சள் ஜேர்சி போட்டதில்லை. 1964இல் புய் டி டோம் எரிமலை ஏற்றத்தில் இருவரும் முழங்கை உரச ஏறிய படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஏற்றம் தொடங்கும்போது ஆங்கெத்தீல் 56 செக்கன் முன்னிலை. உச்சியில் மிஞ்சியது 14 செக்கன்.

மலை இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால்? அல்லது அடுத்த நாள் இன்னொரு மலை இருந்திருந்தால்? ஆனால் அந்த வருஷப் பாதையின் கடைசி நாள், வெர்சாயில் இருந்து பாரிஸ் வரை தனிநேர ஓட்டம். அது ஆங்கெத்தீலின் வீடு. அவர் 55 செக்கனால் ரூரை வென்றார். புலிடோரை 'நித்திய இரண்டாமவர்' எண்டு சனம் கூப்பிட்டது. அந்தப் பட்டத்தில் கொஞ்சம் பாதை கீறியவர்களுக்கும் சேர வேண்டும் எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம்.

மோசருக்காகத் தட்டையான மலைகள்

இனி ஜிரோவுக்குத் திரும்புவோம். மோசர் சாதாரண ஆள் இல்லை. கல் பதித்த வீதிகளில் ஓடுகிற பாரிஸ்–ரூபே பந்தயத்தைத் தொடர்ந்து மூன்று முறை வென்றவர். 1984 ஜனவரியில் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணித்தியாலத்தில் 51.151 கிலோமீற்றர் ஓடி உலக சாதனை வைத்தவர். ஆனால் உயர்ந்த மலைகள் அவருக்கு ஒத்துவராது. 1980இல் பேர்னார் இனோ ஸ்டெல்வியோவைப் பயன்படுத்தி ஜிரோவை வென்றதை இத்தாலி பார்த்திருந்தது. மோசரும் அவருடைய உள்நாட்டுப் போட்டியாளர் ஜுசெப்பே சரோனியும் உச்சத்தில் இருந்த காலத்தில், டொரியானியின் ஜிரோ மலைகளைக் குறைத்துக்கொண்டு போனது. வீதியோரத்தில் சனம் நிற்க வேண்டும், பேப்பர் விற்க வேண்டும், அதற்கு ஊர்ப்பிள்ளை வெல்ல வேண்டும். சதி எண்டதை விட இதை வியாபாரம் எண்டு சொல்வதே கூடச் சரி.

நாலு வருஷம் கழித்து, 1988இல், அதே ஜிரோ காவியா கணவாயைக் கொட்டும் பனிக்குள் ஓட விட்டது. உயரம் 2,621 மீற்றர். முதலில் உச்சியைக் கடந்த யோஹான் வான் டெர் வெல்டே, குளிர் தாங்காமல் நின்று ஒதுங்கி, முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி வந்து சேர்ந்தார். அன்றைக்கு இளஞ்சிவப்பு ஜேர்சியை இழந்தவர் ஓர் இத்தாலியர், ஃபிராங்கோ கியோச்சோலி. எடுத்தவர் அமெரிக்கர் அன்டி ஹம்ப்ஸ்டன், கடைசியில் ஜிரோவை வென்றவரும் அவரே. ஆகவே பனி எப்பவும் ஊர்ப்பிள்ளையைத்தான் காப்பாற்றியது எண்டு சொல்ல முடியாது. ஒரு முறை பனியைக் காட்டி மலை எடுக்கப்பட்டது, இன்னொரு முறை பனிக்குள் ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். இரண்டு முறையும் முடிவு எடுத்தது ஓடுகிறவர்கள் இல்லை.

ஃபின்யோனுக்கு இதே கதை இன்னொரு முறையும் நடந்தது. 1989 ரூர், பிரெஞ்சுப் புரட்சியின் 200ஆம் ஆண்டு. கடைசி நாள் திரும்பவும் வெர்சாயில் இருந்து பாரிஸ், 24.5 கிலோமீற்றர் தனிநேர ஓட்டம். ஃபின்யோன் 50 செக்கன் முன்னிலை. கிரெக் லெமோன், கைகளை முன்னுக்கு நீட்டிப் பிடிக்கிற புதுவிதக் கைபிடியோடு, மணிக்கு 54.5 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, 8 செக்கனால் ரூரை வென்றார். ரூரின் வரலாற்றில் இதை விடச் சின்ன வித்தியாசம் இல்லை. ஃபின்யோன் இரண்டு ரூர், ஒரு ஜிரோ வென்றவர். ஆனால் சனம் ஞாபகம் வைத்திருப்பது அந்த 8 செக்கனை.

எந்தப் பந்தயத்துக்குப் போவது?

பாதை இப்படி வெற்றியைத் தீர்மானிக்கும் எண்டால், வீரர்களும் சும்மா இருப்பார்களா? அடுத்த வருஷப் பாதையைப் பார்த்துத்தான் பந்தயத்தைத் தெரிகிறார்கள். 1992இல் லக்சம்பேர்கில் 65 கிலோமீற்றர் தனிநேர ஓட்டத்தில் மிகேல் இந்துரைன் இரண்டாவது வந்தவரையே 3 நிமிடத்தால் வென்றார். அப்படி ஒரு நாள் பாதையில் இருந்தால், மலையில் எதிராளியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனாலே அவருக்குப் போதும். 1991 முதல் 1995 வரை ஐந்து ரூரும் அவருக்கே. 2012 ரூரில் நூறு கிலோமீற்றருக்கு மேல் தனிநேர ஓட்டம் இருந்தது. வென்றவர் பிராட்லி விகின்ஸ். இரண்டாவது, அவருடைய அணியின் கிறிஸ் ஃபுரூம். ஃபுரூம் மலையில் விகின்ஸை விட வேகமாக ஏறக்கூடியவர் எண்டது அந்த ரூரிலேயே தெரிந்துவிட்டது. அடுத்த வருஷம் விகின்ஸ் ஜிரோவுக்குப் போனார், ஃபுரூம் ரூரை வென்றார்.

இதே ஃபுரூம், 2015 ரூரின் பாதை அறிவிக்கப்பட்டதும், அதற்கு வராமல் விடலாம் எண்டு வெளிப்படையாகச் சொன்னார். காரணம், முழு ரூரிலும் தனிநேர ஓட்டம் 13.8 கிலோமீற்றர் மட்டுமே. ஜிரோவில் கிட்டத்தட்ட 59 கிலோமீற்றர். ஆனாலும் வந்தார், வென்றார். மலைக்காரர் நைரோ கின்டானாவை விட 1 நிமிடம் 12 செக்கன் முன்னுக்கு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கின்டானா இரண்டாம் நாளிலேயே, ஒரு மலையும் இல்லாத நெதர்லாந்துக் கடற்கரையில், பக்கக்காற்றில் கூட்டம் உடைந்து கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடத்தை இழந்திருந்தார். மலைக்காரருக்கு எண்டு எல்லாரும் சொன்ன பாதையில் மலைக்காரரைத் தோற்கடித்தது காற்று.

எனவே பாதை எல்லாவற்றையும் முடிவு செய்யும் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. 2020இல் தடேய் பொகாச்சார் பிறிமோஷ் ரொக்லிச்சை வென்றது மலை உச்சியில் முடிந்த ஒரு தனிநேர ஓட்டத்தில். 2022இல் அதே பொகாச்சாரை கிரானோன் ஏற்றத்தில் யோனாஸ் விங்ககோ கிட்டத்தட்ட 3 நிமிடம் பின்னுக்கு விட்டார். 2024இல், 1989க்குப் பிறகு முதல் தடவையாக, ரூரின் கடைசி நாளில் தனிநேர ஓட்டம் வைத்தார்கள். ஒலிம்பிக்கினால் பாரிஸுக்குப் போக முடியாமல், மொனாக்கோவில் இருந்து நீஸ் வரை. இன்னொரு 8 செக்கன் வரும் எண்டு எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். பொகாச்சார் 5 நிமிடத்துக்கு மேல் முன்னிலையோடு வந்து, அதையும் வென்று, 6 நிமிடம் 17 செக்கனால் முடித்தார். அவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் வீதியால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் இடைவெளி 14 செக்கனாக, 8 செக்கனாக இருக்கிற இடத்தில் வீதிதான் முடிவு சொல்கிறது. அந்த வெற்றி பொய் இல்லை, லெமோன் உண்மையிலேயே அவ்வளவு வேகமாகத்தான் ஓடினார். அதே நேரம், தோற்றவரைக் குறைந்தவர் எண்டு எழுத அந்தச் செக்கன்கள் போதாது. ஒவ்வொரு வருஷமும் ஒக்டோபர் மாதமளவில் அடுத்த ரூரின் வரைபடம் வெளிவரும். பந்தயத்தை விரும்புகிறவர்கள் அந்த நாளையும் பார்க்க வேண்டும் எண்டது எங்கள் அபிப்பிராயம். கடைசி நாளில் என்ன இருக்கிறது, எந்த மலையை விட்டுவிட்டார்கள், அதனால் யாருக்கு லாபம் எண்டு கேட்டுக்கொண்டு பாருங்கள்.