தொட்டாற்சுருங்கியும் ஒரு திருத்தமும்



இவ்வாரம் ஒரு செடியைப் பற்றியும், அதன்பொருட்டு வகுப்பில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் எழுத விழைகிறேன்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய திடல்களிலும், அடுக்குமாடி வீடுகளின் கீழுள்ள புல்தரைகளிலும் தொட்டாற்சுருங்கியை நாம் அனைவரும் கண்டிருப்போம். இளஞ்சிவப்புப் பந்து போன்ற பூ, தண்டெங்கும் முள். தொட்டவுடன் இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு புடைப்பின் உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறுகிறது, இலைகள் மூடிக்கொள்கின்றன. காய்களின் ஓரத்திலுள்ள முட்கள் ஆடையிலும் விலங்குகளின் மயிரிலும் ஒட்டிக்கொண்டு ஊர் கடந்து செல்கின்றன.

‘இது நம் முன்னோர் அறிந்த பழந்தமிழ்ச் செடி, பெயரே அதற்குச் சான்று’ என்று பல ஆண்டுகள் நான் மாணவர்க்குக் கூறி வந்தேன். ஒருநாள் தொடக்கநிலை நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி, நூலகத்திலிருந்து ஒரு படப்புத்தகத்தைக் கொண்டுவந்து, “ஆசிரியரே, இதில் தென்னமெரிக்கா என்று போட்டிருக்கிறதே?” என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. அன்று மாலையே தேடத் தொடங்கினேன்.

அவள் கேட்டது சரியே. இச்செடியின் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். 1753இல் லின்னேயஸ் இதற்கு ‘மிமோசா புடிகா’ என்று பெயரிட்டார். ‘புடிகா’ என்றால் நாணமுடையது. 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே இதைப் போன்ற அமெரிக்கச் செடிகள் நம் பக்கம் வந்தன. எனவே கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் இதற்கு இடமிருக்க வழியில்லை.

அப்படியாயின் பெயர்? கேரளக் கரையின் தாவரங்களை விவரித்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிகூஸ்’ என்னும் நூலில் ‘தொட்டாவாடி’ என்றொரு செடி உண்டு. அது நம் புல்தரைச் செடியன்று. மஞ்சள் பூப் பூக்கும், முள்ளில்லாத, குட்டித் தென்னை போன்ற வேறொரு சிறுசெடி. அதுவும் தொட்டால் மூடிக்கொள்ளும். ஆகவே தொட்டால் வாடும் செடியை நம் மண் முன்பே அறிந்திருந்தது. பின்னர் வந்த முட்செடிக்கும் அவ்வகைப் பெயரே பொருந்திவிட்டது எனக் கருதலாம். தேக்கா சந்தையில் நாம் வாங்கும் மிளகாயை எண்ணிப் பாருங்கள். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. மிளகை அறிந்த தமிழர் அதற்கு மிளகாய் என்று பெயரிட்டுக்கொண்டனர்.

சிங்கப்பூரில் இச்செடிக்கு மலாய்ப் பெயர் ‘செமாலு’. ‘மாலு’ என்றால் வெட்கம். சீனத்தில் ‘ஹான் சியூ சாவ்’, அதாவது நாணும் புல். தமிழோ நாணத்தைச் சொல்லாமல், விரல் பட்டதும் நிகழ்வதைச் சொல்கிறது. நால்வகை மக்கள் வாழும் ஊரில் இதைவிட நல்ல மொழிப்பாடம் வேறென்ன வேண்டும்?

அறிவியலுக்கும் இச்செடி உதவியது. 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மைரான் மிமோசாச் செடியை இருட்டில் வைத்தார். வெளிச்சம் இல்லாதபோதும் அது பகலில் இலை விரித்து இரவில் மூடியது. உயிர்களுக்குள் இயங்கும் கடிகாரத்தைப் பற்றிய ஆய்வு அங்கிருந்து வளர்ந்தது. 2017இல் மருத்துவ நோபல் பரிசு அத்துறைக்கே கிடைத்தது.

மறுவாரம் வகுப்பில், “நான் கூறியது பிழை, உங்கள் தோழி திருத்தினாள்” என்றேன். சொல்லும்போது சிறிது கூச்சமாகத்தான் இருந்தது. ஆயினும் அதன் பின்னர் மாணவர்கள் நிறையக் கேள்விகள் கேட்கத் தொடங்கினர். மொழியின் பெருமையைப் பிள்ளைகளுக்கு ஊட்ட விரும்பும் நாம், ஆராயாத செய்தியை அதற்கு முட்டுக்கொடுத்தால், பிள்ளை ஒருநாள் உண்மையை அறியும்போது மொழியையும் சேர்த்தே ஐயுறும்.

பெற்றோர்களே, இவ்வார இறுதியில் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். முள்ளில் கவனம் இருக்கட்டும். மூடிய இலை மீண்டும் விரிய எத்தனை நிமிடங்கள் ஆகின்றன என்று அவர்களே எண்ணி எழுதட்டும்.