வன்னி வீதிகளும் ஏ.ரி. ரயரும்

ஏ.ரி. ரயர் என்பது காப்பெற் வீதி, கிரவல், மணல், சேறு எல்லாவற்றிலும் ஓரளவுக்கு ஓடுவதற்கென்று செய்யப்படும் ரேடியல் ரயர். நான்கு சில்லுக்கும் இழுவை கொடுக்கக்கூடிய ஜீப், டபிள் கப் வாகனங்களுக்குப் பூட்டப்படுகிறது. தார் வீதிக்கென்றே வரும் எச்.ரி. ரயருக்கும் சேற்றுக்கென்றே வரும் எம்.ரி. ரயருக்கும் இடைப்பட்ட வகை இது. அமெரிக்காவின் பி.எப். குட்ரிச் 1976இல் விற்பனைக்கு விட்ட 'ஓல் ரெரெய்ன் ரி/ஏ' இவ்வகை ரேடியல்களுக்கு முன்னோடி. யொகோஹாமாவின் ஜியோலாண்டர், பிரிட்ஜ்ஸ்டோனின் டியூலர், டன்லொப்பின் கிராண்ட்ரெக், ரோயோவின் ஓப்பன் கன்ரி, மக்சிஸின் பிராவோ ஆகிய வரிசைகளிலும் ஏ.ரி. ரயர்கள் உண்டு.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் இந்த ரயரைத் தெரிவுசெய்வதற்குத் தனிக் கணக்கு வேண்டும். நகரத்தில் ஓடும் ரயர் தேய்ந்து மொட்டையாகித்தான் கழிக்கப்படுகிறது. வன்னியின் உள்வீதிகளில் ஓடும் ரயருக்கோ ரப்பர் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்போதே பக்கச் சுவர் கிழிகிறது. கடையில் எல்லாரும் பார்ப்பது ரயரின் முகத்தை. இங்கே பார்க்க வேண்டியது அதன் பக்கத்தை.

நிலமும் வீதியும்

2006 ஆகஸ்டில் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின் மீளத் திறக்கப்பட்டு, சீனக் கடனில் புனரமைக்கப்பட்ட ஏ9 வீதி இன்று வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் ஊடாக ஆனையிறவு வரை காப்பெற் வீதி. மாங்குளத்தில் பிரிந்து ஒட்டுசுட்டான் வழியே முல்லைத்தீவுக்குப் போவது ஏ34. பரந்தனில் பிரிந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியே அதே ஊருக்குப் போவது ஏ35. வன்னியில் ஓடும் ஒரு டபிள் கப்பின் கிலோமீற்றர்களில் பெரும்பங்கு இந்தத் தார் வீதிகளில்தான் கழிகிறது. ரயரின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தப் பெரும்பங்கு அல்ல. பிரதான வீதியை விட்டு இறங்கி வயலுக்கும் குளக்கட்டுக்கும் கரையோர வாடிக்கும் போகும் மிச்சத் தூரமே அதைத் தீர்மானிக்கிறது.

அந்த மிச்சத் தூரத்தில் மண் அடிக்கடி மாறும். வவுனியாப் பக்கத்துச் செங்கபில மண்ணில் கூரான வெள்ளைக்கல் கலந்திருக்கும். உள்வீதிகளுக்குக் கொட்டி உருட்டும் கிரவல், கோடையில் மேற்பூச்சுக் கழன்று உதிரிக் கற்களாகும். குளங்களின் கீழுள்ள வயற்காணிகளில் களிமண். நாயாறு, கொக்கிளாய்ப் பக்கத்தில் கடல் மணல். ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு ஒக்ரோபரிலிருந்து டிசெம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மாதங்களில் குளங்கள் வான் பாய்ந்து தாழ்ந்த பாலங்களை மூடும். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஊர்களுக்குள்ளேயே நின்றது. மாரி கழிந்த பிறகு மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை சோளகக் காற்றும் புழுதியும். ஒரே ரயர் இரண்டு காலத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

பக்கச் சுவர்

மாரியில் உழவு இயந்திரங்கள் களிமண் பாதையில் ஆழமான தடம் வெட்டிவிடும். தை, மாசியில் வெயில் ஏற, அந்தத் தடத்தின் இரு கரையும் சுட்ட செங்கல்போல இறுகும். உழவு இயந்திரத்தின் சில்லகலமும் ஜீப்பின் சில்லகலமும் ஒன்றல்ல. ஆகவே ஜீப்பின் ஒரு பக்கச் சில்லு தடத்துக்குள் இறங்கினால் மறு பக்கம் நடுமேட்டில் ஏறும். இறங்கிய சில்லின் பக்கச் சுவர் கரையோடு உரசிக்கொண்டே போகும். கரையில் ஒரு வேர்க்கட்டையோ வெள்ளைக்கல்லோ துருத்திக்கொண்டிருந்தால் ரயர் அங்கேயே கிழியும். காடு வெட்டிய இடங்களில் நிலத்தோடு நிற்கும் பாலை, வீரை மரக் குற்றிகளும், பனங்காணிகளில் கருக்கு மட்டையும் இதே வேலையைச் செய்கின்றன. போர் நடந்த காணிகளில் முட்கம்பியும் இரும்புத் துண்டும் இன்னும் மழைக்கு மேலே வருகின்றன.

தரையில் படும் முகத்தில் ஆணி ஏறினால் ரயர் கடையில் ஒட்டலாம். பக்கச் சுவர் கிழிந்தால் பாதுகாப்பாக ஒட்ட வழியில்லை. அந்தப் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வதால் எந்த ஒட்டும் அங்கே நிலைப்பதில்லை. பழைய ரயரை வெட்டி உள்ளே வைத்து, அதற்குள் ரியூப் போட்டு ஓடுவது வீடு சேர்வதற்கான வழி மட்டும். ஏ9இல் வேகமாக ஓட அது ஆகாது.

எனவே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பக்கச் சுவரில் எத்தனை நூலடுக்கு என்பது. அது ரயரிலேயே அச்சிட்டிருக்கும். கார் ரயர்களின் வழியில் வந்தவற்றில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ இருக்கும். கரடுமுரடான பாவனைக்கென்று வரும் சிலவற்றில் மூன்று. அடுத்ததாகத் தோள்பட்டையைப் பார்க்கவேண்டும். முகத்தின் ரப்பர்க் கட்டங்கள் தோளைத் தாண்டிப் பக்கச் சுவரின் மேற்பாதி வரை இறங்கியிருந்தால், தடத்துக் கரையில் உரசுவது அந்தத் தடித்த கட்டங்களே. மூன்றாவது, கட்டங்களுக்கிடையிலான பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் உண்டா என்பது. கூர்க்கல் ஆழ இறங்கித் துளைக்காமல் வெளியே தள்ளுவதற்காக வைக்கப்பட்டவை அவை. வெள்ளைக்கல் வீதிகளில் அவற்றுக்கு நிறைய வேலை இருக்கிறது.

ரப்பர்க் கலவையைக் கடையில் நின்று சோதிக்க முடியாது. வெட்டையும் கிழிசலையும் தாங்குவதில் இயற்கை ரப்பர் நல்லது, சூடேறுவதும் குறைவு. லொறி ரயர்களில் அதன் பங்கு கூடவாக இருப்பது இதனால்தான். தார் வீதியில் வழுக்காமையையும் எரிபொருள் மிச்சத்தையும் முன்வைத்துச் செய்த மெல்லிய ரயர் கிரவலில் துண்டு துண்டாகப் பிய்வதைக் கண்டால் வியக்கவேண்டியதில்லை.

எழுத்தும் எண்ணும்

டபிள் கப்புகளில் பரவலாகக் காணும் ஓர் அளவு 265/70 ஆர் 16, 112 எஸ். ரயரின் அகலம் 265 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தின் 70 வீதம், அதாவது ஏறத்தாழ 185 மில்லிமீற்றர். ஆர் என்பது ரேடியல், 16 என்பது றிம்மின் விட்டம் அங்குலத்தில். 112 என்றால் ஒரு ரயர் 1,120 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர் வரை.

இந்த எண்களில் இங்கே அதிகம் பேசுவது பக்கச் சுவரின் உயரம். 18 அங்குல றிம்மும் தாழ்ந்த பக்கச் சுவரும் படத்துக்கு அழகு. கிரவல் குழியில் விழுந்தால் அடியை வாங்கிக்கொள்ள ரப்பரும் காற்றும் போதாது, றிம் வளையும். 15 அல்லது 16 அங்குல றிம்மும் 70, 75 வீத உயரமும்தான் இந்த மாவட்டங்களுக்கு உகந்தவை. 7.50-16 என்ற உயர்ந்த ஒடுங்கிய ரயரோடு ஓடிய பழைய நீள லாண்ட் றோவர்கள் இந்த விடயத்தில் மோசமான வழிகாட்டிகள் அல்ல.

அளவுக்கு முன்னே எல்.ரி. என்ற எழுத்துகள் இருந்தால் அது சிறு லொறிகளுக்கான கட்டமைப்பு. எல்.ரி. 245/75 ஆர் 16, 120/116 என்ற ரயர் தனியாகப் பூட்டினால் 1,400 கிலோவும், இரட்டைச் சில்லாகப் பூட்டினால் ஒவ்வொன்றும் 1,250 கிலோவும் தாங்கும். நெல் மூட்டையும் உரமும் ஒரு தொன் அளவில் ஏற்றிக் குளக்கட்டில் ஓடுபவர் கூடுதல் விலை கொடுத்து இதை வாங்குவது நியாயம். கந்தோர் வேலைக்கும் குடும்பப் பயணத்துக்கும் ஓடும் ஜீப்புக்கு இது கல்லாக அடிக்கும். அதே சுமைக்கு இதில் கூடக் காற்றும் அடிக்கவேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உயரம் கூட்டும் ஆசையும் பலருக்கு வரும். 265/70க்குப் பதில் 265/75 பூட்டினால் விட்டம் 777 மில்லிமீற்றரிலிருந்து 804 ஆகிறது. வேகமானி 100 காட்டும்போது வாகனம் 103க்குச் சற்று மேலே ஓடும். முழுதாகத் திருப்பும்போது சில்லு மட்காட்டில் தேய்வதும் உண்டு. இதற்கு மேலே போவது கியருக்கும் பிரேக்குக்கும் கூடாது.

நான்கு ரயரும் ஒரே அளவாகவும் ஒரே அளவு தேய்ந்தனவாகவும் இருப்பது இந்த வாகனங்களுக்கு மிக முக்கியம். முன்னுக்கு இரண்டு புதிது, பின்னுக்கு இரண்டு மொட்டை என்று பூட்டி நான்கு சில்லு இழுவையைப் போட்டால், சுற்றளவு வேறுபாட்டை இடைக் கியர்ப்பெட்டிதான் தாங்கவேண்டும். சேற்றில் சில்லு சறுக்கிச் சமாளிக்கும். தார் வீதியில் சறுக்க இடமில்லாததால் பாரம் முழுவதும் இரும்பில் விழும். நடு டிபரென்ஷியல் இல்லாத வாகனங்களில் தார் வீதியில் நான்கு சில்லு இழுவையைப் போடவே கூடாது.

சேறு

எம்.ரி. ரயரைக் கேட்டு வாங்குவோர் சொல்லும் காரணம் மாரிச் சேறு. அவர்களின் கணக்குப் பாதிதான் சரி. கிரவல் வீதியின் மேற்சேற்றுக்குக் கீழே இறுகிய தரை உண்டு. அதைத் தொட்டுப் பிடிக்க நல்ல ஏ.ரி. ரயரே போதும், அகலம் குறைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. முழங்கால் ஆழ வயற்சேற்றிலோ எம்.ரி.யும் புதையும். அங்கே போகவேண்டியது உழவு இயந்திரம். எம்.ரி. ரயர் காப்பெற் வீதியில் இரைச்சலோடு விரைவாகத் தேயும், மழையில் நனைந்த தாரில் அதன் பிடிப்பும் குறைவு. வருடத்தில் இரண்டு மூன்று மாதச் சேற்றுக்காக மிச்ச மாதங்களில் ஏ9இல் ஆபத்தை வாங்குவது நட்டம். வன இலாகா, நீர்ப்பாசனம், கண்ணிவெடி அகற்றல் என்று நாள் முழுவதும் காட்டுக்குள் நிற்கும் வாகனங்களுக்கு மட்டும் இந்தத் தீர்ப்புப் பொருந்தாது.

சேற்றைக் கண்டால் பாதையை விட்டு விலகிக் காட்டோரமாகச் சுற்றிப் போகும் வழக்கம் வேறு இடங்களில் உண்டு. வன்னியில் எல்லா இடத்திலும் அது கூடாது. ஹலோ ட்ரஸ்ட், மக் போன்ற அமைப்புகள் 2002இலிருந்து கண்ணிவெடி அகற்றி வருகின்றன. முகமாலை போன்ற இடங்களில் அந்த வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. சிவப்புப் பலகை நிற்கும் பக்கம் சில்லு இறங்கவே கூடாது.

காற்று

ரயர் எவ்வளவு நல்லதானாலும் காற்றின் அளவு பிழைத்தால் பயனில்லை. தார் வீதிக்குச் சாரதிப் பக்கக் கதவு நிலையில் ஒட்டியுள்ள அளவை, ரயர் ஆறியிருக்கும்போது அடிக்கவேண்டும். உதிரிக் கிரவலில் நீண்ட தூரம் மெதுவாக ஓடுவதானால் 26, 28 இறாத்தலுக்கு இறக்கலாம். ரயர் கல்லின்மேல் அமுங்கி வளைந்துகொடுக்கும். துளைபடுவது குறையும், உதறலும் குறையும். கடல் மணலில் 16, 18 வரை இறக்கினால் தரையில் படும் பகுதி நீண்டு வாகனம் மணலின்மேல் மிதந்து போகும். ஒரு குச்சியால் வால்வை அழுத்தி, ஒரு மலிவு அளவுமானியால் பார்த்துக்கொண்டே இறக்குவது சில நிமிட வேலை. திரும்பத் தார் ஏறியதும் காற்றடிக்காமல் ஓடுவதுதான் பெருந்தவறு. காற்றுக் குறைந்த ரயர் வேகத்தில் சூடேறி, பக்கச் சுவரின் நூல் உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது, வெடிப்பது பிறகொரு நாள். இறக்கும் பழக்கமுள்ளவர் 12 வோல்ற் காற்றுப் பம் ஒன்றையும் வாகனத்தில் வைத்திருக்கவேண்டும்.

வாங்கும் இடத்தில்

1990களில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டிருந்த வன்னியில் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எதையும் எறியாத பழக்கம் அந்தக் காலத்தோடு வளர்ந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. பழைய டபிள் கப்புகளைப் பேணி ஓடவேண்டிய நிலை அதனால் இன்னும் நீண்டது. பழைய வாகனத்துக்குப் பழைய ரயரே போதும் என்று நினைப்பதில் மட்டும் இந்தச் சிக்கனம் பிழைக்கிறது.

பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் ரயர் செய்த கிழமையையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. பாவிக்காமல் கடை இறாக்கையில் இருந்தாலும் ரப்பர் முதிரும். ஆறாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் சோதிக்கவேண்டும். பத்தாண்டு கடந்ததை, ரப்பர் எவ்வளவு இருந்தாலும், கழற்றிவிடவேண்டும். முகத்துப் பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மானக் குறி 1.6 மில்லிமீற்றர் உயரமானது. சேற்றுக்கு அந்த அளவு வரை காத்திருப்பது பிந்திவிடும். பஸ்ஸுக்கும் லொறிக்கும் பயன்படும் றீபில்ட் ரயர் ஜீப்புக்கு ஏற்றதல்ல: புதிதாக ஒட்டுவது முகத்தை மட்டும்தான், அடிபட்ட பக்கச் சுவர் பழையதாகவே இருக்கும்.

விலை பேசும்போது ஐந்து ரயருக்குப் பேசுங்கள். நெடுங்கேணிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் பின்னேரம் ரயர் போனால் யானை வரும் நேரத்துக்குள் மாற்றியாகவேண்டும். அந்த வேளையில் ஸ்பெயார் சில்லு மற்ற நான்கின் அளவில் இல்லாவிட்டால் நான்கு சில்லு இழுவை இருந்தும் அதைப் போட முடியாது. நான்கு விலையுயர்ந்த ரயரும் ஒரு மொட்டை ஸ்பெயாரும் வைத்திருப்பதைவிட, நடுத்தர விலையில் ஒரே வகை ரயர் ஐந்து வாங்கி, 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஐந்தையும் இடம் மாற்றி ஓடுவதே வன்னிக்குப் பொருத்தமானது.